அவரும் அடியவரே

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே விஞ்சும். 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பெற்ற அப்பாலத்தை வைகறை இருளில் மோட்டார் சைக்கிளில் கடந்து, இரவு அதே வழியே வீடு திரும்பும் நம் இளைஞர் பல்லாயிரவர். 2023ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள்முதல் அப்பாலத்தின் இரு முனைகளிலும் ஒரே செயலுக்கு இருவேறு நீதிகள் நிற்கின்றன. ஆடவர் இருவர் தமக்குள் கொள்ளும் உறவைக் குற்றமெனக் கூறிய 377ஏ பிரிவை நீக்கச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29ஆம் நாள் இசைந்தது. சனவரியில் அது நடப்புக்கு வந்தது. இக்கரையிலோ மலேசியத் தண்டனைச் சட்டம் அத்தகைய உறவுக்கு இருபதாண்டுவரை சிறையும், அதனோடு பிரம்படியும் விதிக்க இடந்தருகிறது. பெண்களையும் எட்டக்கூடிய இன்னொரு பிரிவு ஈராண்டுவரை சிறை வைத்திருக்கிறது.

இரு கரைத் தண்டனைச் சட்டத் தொகுப்புகளுக்கும் வித்து ஒன்றே. மெக்காலே தலைமையில் வரையப்பட்டு 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டமே ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் பின்னர் கப்பலேறி வந்தது. நம் பாட்டன் பாட்டியரை ரப்பர்த் தோட்டங்களுக்கு ஏற்றிவந்த அதே கடல்வழியில் அச்சட்டமும் வந்து இறங்கிற்று. புறப்பட்ட நாடு அதைத் திருத்திக்கொண்டுவிட்டது. மனமொத்த வயதுவந்தோரின் தனி வாழ்வில் அச்சட்டத்துக்கு இனி இடமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. வந்திறங்கிய இடத்தில் அது இன்னும் வேர்விட்டு நிற்கிறது.

சட்டத்தை ஆராய்வது இத்தலையங்கத்தின் முதன்மை நோக்கமன்று. அதனினும் அணுக்கமான வினா ஒன்றுண்டு. தம் பாலினரிடமே அன்பு செல்லும் இயல்புடைய ஒரு தமிழ் மகனோ மகளோ, இறைவனோடு தமக்குள்ள உறவை இழக்காமல், உள்ளம் வளர்ந்து நிறைந்த மனிதராய் இம்மண்ணில் வாழ இடமுண்டா? உண்டு என்பதே நம் துணிபு. அந்த இடத்தை மறித்து நிற்பது சமயமன்று. சமயத்தின் பெயரால் பேசும் நாமே மறித்து நிற்கிறோம்.

2018 செப்டம்பர் 3ஆம் நாள் திரெங்கானுவில் பெண்கள் இருவருக்கு, நூறு பேரளவில் பார்த்திருக்க, ஆறாறு பிரம்படி கொடுக்கப்பட்டது. ஷரியா சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட தண்டனை அது. அச்சட்டத்துக்கு இந்துக்கள்மேல் ஆட்சியில்லை. பிறகு நம் ஜொகூரிலேயே இத்தகையோரைத் ‘திருத்தும்’ நிலையம் ஒன்றை அமைக்கப்போவதாக மாநில அரசின் சார்பில் அறிவிப்பு வந்தபோதும், அது நமக்கானதன்று என்று நம்மவர் பலர் நாளிதழின் பக்கத்தைப் புரட்டிவிட்டனர். நமக்கு நிலையம் தேவைப்படவில்லை. நம் வீடுகளிலேயே அந்தத் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

எவ்வாறு நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மகளின் கைப்பேசியில் வேறொரு பெண் எழுதிய செய்தியைத் தாய் காண்கிறாள். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உண்பதில்லை. மறுநாள் கைப்பேசியும் அடையாள அட்டையும் தந்தையின் அலமாரிக்குள் போகின்றன. சாதகக் கட்டு எடுக்கப்படுகிறது. ஏழாமிடம் கெட்டிருக்கிறது, பரிகாரம் செய்தால் சரியாகும் என்று சோதிடர் சொல்கிறார். வெள்ளிதோறும் இராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றப்படுகிறது. ஏற்றுபவள் அந்தப் பெண்ணே. அது பலிக்காதபோது, அடுத்த ஊரில் அருள்வாக்குச் சொல்லும் ஒருவர்முன் அவளை அமர்த்துகின்றனர். வேப்பிலை, திருநீறு, மந்திரித்த கயிறு. காத்துக்கருப்பு பிடித்திருக்கிறது என்ற முடிவு. சில இடங்களில் அடியும் உண்டு. இவை எதுவும் பயன் தராதபோது இறுதிப் பரிகாரமாகத் திருமணம் பேசப்படுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லப்படுவதில்லை. ஓர் உயிர்க்கு இழைத்த தீங்கு அன்றோடு ஈருயிர்க்கு ஆகிறது.

இதனால் அவள் இழப்பது யாது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளைப் பருவத்தில் காய்ச்சல் வந்த இரவுகளில் தாய் நெற்றியில் பூசிய திருநீறு அவளுக்கு ஆறுதலாயிருந்தது. இன்று அதே திருநீற்றின் மணம் அவளை நடுக்குகிறது. அம்மனின் பெயரும் அடியின் வலியும் அவள் நெஞ்சில் ஒன்றாய் முடிச்சிட்டுப் போயின. மகளைக் காப்பதாக எண்ணிய பெற்றோர் அவளிடமிருந்து அம்மனையே பறித்துவிட்டனர். இதனினும் பெரிய சமய இழப்பு ஒரு குடும்பத்துக்கு நேர முடியுமா?

ஆண்மக்கள் நிலை வேறு வகையில் துயரமானது. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பண்ணோடு பதிகம் பாடிப் பரிசு பெற்ற சிறுவன், இருபத்தைந்து வயதில் கோயில் வாசலை மிதிப்பதில்லை. இறைமறுப்பு அவனுக்கு வந்துவிடவில்லை. அருச்சனை முடிந்து அன்னதானப் பந்தியில் அமர்ந்தால், எதிர்வரிசையிலிருந்து அத்தை முறையுள்ள ஒருவர், “என்னய்யா, எப்ப எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு போடப் போற?” என்று கேட்பார். நான்கு பேர் சிரிப்பர். தட்டில் இருக்கும் பொங்கல் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அடுத்த வெள்ளி அவன் வருவதில்லை. சில மாதங்களில் அக்கரையில் ஓர் அறை எடுத்துக்கொள்கிறான். அங்கும் அவன் அயலானே. தன்பாலீர்ப்பினரின் மதிப்புக்காக ஆண்டுதோறும் ஹோங் லிம் பூங்காவில் 2009முதல் நடந்துவரும் பிங்க் டாட் கூட்டத்தில், சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதார் நிற்பதற்கு 2017முதல் இசைவில்லை. ஊரில் கோயிலில்லை, அக்கரையில் கூட்டமுமில்லை என்ற நிலையில் வாடகை அறைச் சுவரில் மாட்டிய முருகன் படம் ஒன்றே அவனுக்குத் துணை. ஊரார் அவனைப் பக்தியற்றவன் என்பர்.

நம் சமயம் இவர்களைப்பற்றிக் கூறுவது யாது? விருப்பு வெறுப்பின்றி நோக்குவோம். 2013ஆம் ஆண்டு டிசம்பரில், இந்து மரபில் இது ஒருநாளும் குற்றமாகக் கருதப்பட்டதில்லை என்று பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் வெளிப்படையாக உரைத்தார். அவர் துணிவு போற்றத்தக்கது. கூற்று முழுமையும் சரியன்று. மனு நூல் கண்டிக்கவே செய்கிறது. ஆடவனுக்கு உடுத்த ஆடையோடு நீராடுதலைக் கழுவாயாக விதிக்கும் அந்நூல், கன்னியொருத்தியைத் தீண்டிய பெண்ணுக்கு விரலைத் துணிக்கும் தண்டனையைக் கூறுகிறது. ஆணுக்கு ஒரு முழுக்கு, பெண்ணுக்கு விரல். அந்நூலின் அறம் எத்தகையது என்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே சான்று. தமிழர் சமயவாழ்வு மனுவின்மேல் எழுப்பப்பட்டதன்று. திருமுறையின்மேலும் திவ்வியப் பிரபந்தத்தின்மேலும் எழுப்பப்பட்டது. நால்வருணத்தில் மனு நமக்கு வைத்த இடத்தை ஏற்க மறுத்தவர்கள், இந்த ஒன்றில் மட்டும் அந்நூலை எடுத்து முன்வைப்பது நேர்மையாகாது.

அத்திருமுறையும் பிரபந்தமும் காட்டும் அன்பு வழியில், ஆண் பெண் என்னும் எல்லை அசையாத மதிலாக இருந்ததில்லை. ஆடவராகிய நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று திருமாலுக்காக ஏங்கினர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைக் கன்னியர் வாயிலாகவே பாடினார். திருச்செங்கோட்டு மூலவர் பாதி ஆண், பாதி பெண். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாளில் திருவரங்கத்து நம்பெருமாள் மோகினிக் கோலம் கொள்கிறார். இவற்றை எடுத்துக்காட்டித் தன்பாலீர்ப்புக்கு ஆழ்வாரும் நாயன்மாரும் சான்றிதழ் அளித்துவிட்டனர் என நாம் வாதிடமாட்டோம். அவர்கள் பாடியது உயிர் இறைவன்பால் கொள்ளும் காதல். எனினும் பெண்ணின் ஏக்கத்தை ஆண் தன் ஏக்கமாகக் கொள்வதில் ஒரு சிறுமையும் காணாத மரபு இது. ‘பொம்பளைத்தனம்’ என்று ஒரு சிறுவனை இம்மரபின் வழிவந்தோரே எள்ளும்போது, தாம் எள்ளுவது எதை என்பதை உணர்வதில்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உயிருக்கு ஆண் பெண் என்னும் பால் இல்லை. உடல், கருவி, உலகு, நுகர்வு ஆகிய நான்கும் வினைக்கேற்ப மாயையிலிருந்து அதற்குக் கூட்டப்பெறுவன. உயிரைக் கட்டுவது ஆணவம். இறைவன் திருவடியை அடையும் நெறிகள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு. அவற்றுள் எந்த நெறியிலும், எப்பாலினரை நேசிப்பவன் என்று அடியவனைக் கேட்டுவிட்டு உள்ளே விடும் வாயிற்காவலன் இல்லை. ஜொகூர் பாருவின் இராஜமாரியம்மன் தேவஸ்தானத்திலும் கண்ணாடிக் கோயில் என்று உலகறிந்த இராஜகாளியம்மன் ஆலயத்திலும் அருச்சனைச் சீட்டுக் கொடுத்தால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். அம்மன் முன் ஒருவரைச் சேர்ப்பிக்க அவ்வளவே போதும் என்று ஆகம வழிபாடு காலங்காலமாய் ஏற்று வந்திருக்கிறது.

நாம் பெரிதும் மதிக்கும் சான்று ஒன்று திருவரங்கத்திலிருந்தே வருகிறது. கணித மேதை சகுந்தலா தேவி 1977ஆம் ஆண்டு தன்பாலீர்ப்பினர் வாழ்வைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். எண்களில் கணிப்பொறியை வென்றவர் என்று நம் பள்ளிப்பிள்ளைகள் அறிந்த அவரே அவ்வம்மையார். இந்தியாவில் எவரும் வாய்திறவாத காலம் அது. அந்நூலுக்காக அவர் திருவரங்கம் கோயில் அருச்சகரும் வடமொழிப் புலவருமான சீனிவாச ராகவாச்சாரியாரைக் கண்டு வினவினார். அம்முதியவர் சினந்தாரில்லை; பழித்தாரில்லை. முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் அன்பு பூண்ட இருவரே இப்பிறவியில் ஒரே பாலினராய்ப் பிறந்திருக்க வேண்டும். உடலின் பால் மாறினும் உயிர் மாறுவதில்லை. அந்த அன்பின் ஆற்றலே அவர்களை மீண்டும் ஒருவரையொருவர் தேடச்செய்கிறது என்பது அவர் விடையின் கருத்து. மேலைநாட்டுக் கல்வியும் உரிமை இயக்கங்களும் அவருக்கு அவ்விடையைக் கற்பிக்கவில்லை. வினையும் மறுபிறப்பும் என்ற தம் மரபின் கருவிகளைக் கொண்டே, தம்முன் நின்ற வினாவை அவர் அன்போடு எண்ணிப்பார்த்தார். நம் பாட்டிமாரும் அறிந்த கொள்கைதான் மறுபிறப்பு. அதே கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “எந்தப் பிறவியில் செய்த பாவமோ” என்று பெற்ற பிள்ளையைச் சாடுவோர் உளர். “எந்தப் பிறவியின் அன்போ” என்று திருவரங்கத்து அருச்சகர் எண்ணினார்.

மருத்துவத்தின் நிலையையும் சுருங்கச் சொல்லிவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் நாள் அவ்வாறே செய்தது. நோயில்லாத இடத்தில் மருந்துக்கு வேலையில்லை. எலுமிச்சை விளக்குக்கும் இல்லை.

பிள்ளைகளைப்பற்றிப் பேசிய நாம் பெரியோரைப்பற்றியும் பேச வேண்டும். வளரவேண்டியவர் பிள்ளை என்றே இவ்வுலகம் கருதுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021ஆம் ஆண்டு நடந்தது வேறு. மதுரையைச் சேர்ந்த பெண்கள் இருவர் ஒன்றாய் வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். இரு வீட்டாரும் காணவில்லையென்று காவல்துறையில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றம் சென்றனர். வழக்கு நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அப்பெண்களையும் பெற்றோரையும் உளநல ஆலோசகரிடம் அவர் அனுப்பினார். அதன்பின் அவர் செய்த செயலே இவ்வழக்கைத் தமிழுலகு மறவாதிருக்கக் காரணம். இப்பொருளைத் தாம் முழுதும் உணரவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, தாமே ஓர் உளவியலாளர்முன் மாணவராய் அமர்ந்தார். வினாக்கள் கேட்டார்; விடை பெற்றார். உணர்ந்தபின் எழுதினார். 2021 சூன் 7ஆம் நாள் வந்த அவ்வாணை, தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. காவலர், மருத்துவர், பெற்றோர், நீதிபதியர் எல்லாரும் இதைக் கற்றுணர வழி வகுத்தது. அறியாமை என்பது பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்பது அதன் சாரம்.

உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், தமக்குத் தெரியாது என்று சொல்வதற்கு எத்துணை மனவளர்ச்சி வேண்டும்! ஆணவம் கழிதல் என்று சித்தாந்த நூல்கள் விரித்துரைப்பதன் நடைமுறை உருவம் இதுவன்றி வேறென்ன? ஊர்ப்பெரியவர், ஆலயத் தலைவர், ஆசிரியர், தந்தை என்ற தகுதிகளில் நிற்கும் நாம், நம் பிள்ளைமுன் ஒரு மாலை அவ்வாறு அமர்ந்து, “எனக்கு இது விளங்கவில்லை, நீ சொல்” என்று கேட்டிருக்கிறோமா?

அவ்வழக்கில் பெற்றோர் ஆலோசகரிடம் கூறியதாகப் பதிவான ஒரு கருத்து நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தம் மகள்கள் பெண்ணொருத்தியைத் துணையாகக் கொள்வதினும், வாழ்நாள் முழுதும் மணமின்றி நோன்பிருந்து வாழ்வதே மதிப்புடையது என அவர்கள் எண்ணினர். அவர்கள் கொடியவர் அல்லர். ஊர்ப்பழிக்கு அஞ்சிய எளிய மக்கள். ஆனால் அந்த எண்ணத்துள் ஒரு பெரும்பிழை ஒளிந்திருக்கிறது. துறவு என்பது தானே உவந்து ஏற்பது. பிறர் ஒருவர்மேல் சுமத்தும் துறவுக்குத் துறவு என்ற பெயர் பொருந்தாது. தானே விரும்பி அவ்வழி செல்லும் தன்பாலீர்ப்பினர் இருக்கலாம். அவர் நோன்பை வணங்குவோம். அச்சத்தால் அடைக்கப்பட்ட உயிர் நோன்பிருப்பதில்லை, சிறையிருக்கிறது. இதே சென்னை நீதிமன்றம் 2025 மே மாதம், வீட்டாரால் தடுத்துவைக்கப்பட்ட இளம்பெண் ஒருவரை அவர் விரும்பிய தோழியோடு செல்ல விடுத்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று நீதியரசர்கள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. இலட்சுமிநாராயணனும் அப்போது எடுத்துரைத்தனர்.

திருமணம் ஒன்றே வழியன்று என்பதைத் தமிழ்ச்சமயத்துக்கு நீதிமன்றம் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. திருமணத்திலிருந்து தப்ப இளமையையே துறந்து முதுமையை வேண்டிப் பெற்றார் ஔவையார் என்று வழிவழிக் கதை சொல்கிறோம். கணவன் விலகியபின் அழகுடலை உதறிப் பேயுரு வேண்டினார் காரைக்கால் அம்மையார். அறுபத்துமூவர் வரிசையில் அவரை வைத்துக் கும்பிடுகிறோம். மணம் பேசியவர் போரில் மடிய, பின்னர் மணமே கொள்ளாதிருந்த திலகவதியார் இல்லையேல் நமக்கு அப்பர் இல்லை. மணவாழ்வுக்கு வெளியே நின்ற இம்மூவரைச் சமயத்தின் உச்சியில் வைத்துப் போற்றும் நாம், மணவறை ஏற மறுக்கும் நம் வீட்டுப் பெண்ணை மட்டும் பேய்பிடித்தவள் என்பது எந்த நியாயம்?

இனி, இளையோரிடம் சில சொற்கள். உங்களை ஊரறியப் பறைசாற்றுமாறு நாம் கூறமாட்டோம். இருபதாண்டுச் சிறையும் பிரம்படியும் ஏட்டிலுள்ள நாட்டில் அவ்வாறு கூறுவது, நிழலில் அமர்ந்துகொண்டு பிறரை வெயிலில் நிற்கச் சொல்வதாகும். மறைத்து வாழ்வது பொய்யன்றோ, பொய்யோடு இறைவன்முன் நிற்பது எவ்வாறு என்று வருந்தும் நல்லுள்ளங்கள் உங்களுள் பல என்பதை அறிவோம். வாய்மையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவர், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என்று வகுத்தார். உயிரைக் காக்கும் அமைதி பொய்யாகாது. எவரிடம் எப்போது சொல்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை உங்களுடையது. அவ்வுரிமையை எவரும் உங்களிடமிருந்து பறித்துப் பிறர்க்கு அறிவிக்கலாகாது. ஆயினும் இரண்டு இடங்களில் மறைப்பு நஞ்சாகும். ஒன்று, உங்கள் சொந்த நெஞ்சு. அங்கே நீங்கள் உங்களை வெறுத்துக்கொண்டே செய்யும் வழிபாடு கல்லில் இட்ட விதை போலாகும். மற்றொன்று, உங்களை நம்பி மணக்கவரும் ஒருவர். வீட்டாரின் கண்ணீருக்கு இரங்கி ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதற்கு எந்த அச்சமும் ஏற்ற காரணமாகாது.

மேலும் ஒன்று. ஏனையோர்க்குள்ள அறம் உங்களுக்கும் உண்டு. அன்பில் உண்மை, சொன்ன சொல்லில் நிலைநிற்றல், உடலை வெறும் பண்டமாக்காமை, முதியோரைப் பேணல், இரப்போர்க்கு ஈதல் ஆகியவற்றில் உங்களுக்குச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. சீவகாருணியமே பேரின்ப வீட்டின் திறவுகோல் என்ற அவர் நெறிக்கு மலேசியாவிலும் அன்பர் பலர் உளர். கோயிலுக்குள் கேள்விக்கு அஞ்சி நுழைய முடியாதவர், பசித்தவர்க்குச் சோறிடும் இடத்தில் நுழையலாம். அங்கே எவரும் எவர் திருமணத்தைப்பற்றியும் கேட்க நேரமிராது. கரண்டி பிடிக்கக் கை போதும். தனியறையில் அமர்ந்து பதிகம் ஓதுவதும் வழிபாடே. துயரம் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தைத் தருமானால், அதை வெளியே சொல்ல இனி அஞ்சவேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023ஆம் ஆண்டு நீக்கிவிட்டது. பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பினர் தொலைபேசியில் செவிகொடுக்கின்றனர். அவர்கள் நீதி கூறுவதில்லை, கேட்கிறார்கள்.

கிறித்தவத் தமிழர்க்கும் இசுலாமியத் தமிழர்க்கும் இத்துயர் உண்டு. அவர்தம் மறைகளுக்கு உரைகூறும் தகுதி நமக்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, திருமணக் கொள்கையை மாற்றாமலே, தன்பாலின இணையர்க்குக் குருமார் ஆசி வழங்கலாம் என்று 2023 டிசம்பர் 18ஆம் நாள் இசைவளித்ததையும், தென்னாப்பிரிக்காவில் தன்பாலீர்ப்பினரான இசுலாமியர்க்கு வழிபாட்டிடம் அமைத்த இமாம் முஹ்சின் ஹென்ரிக்ஸ் 2025 பிப்ரவரி 15ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டதையும் மட்டும் இங்கே குறிக்கிறோம். ஒருவர்க்கு ஆசி, ஒருவர்க்குத் தோட்டா. இவ்வுலகில் இன்று இவர்கள் இறைவனைத் தேடும் வழி இத்தனை இடர் நிறைந்தது.

இத்தகைய அறிவுரை பண்பாட்டைச் சிதைக்கும், பிற பிள்ளைகளையும் கெடுக்கும் என்று அஞ்சுவோர் நம் வாசகருள் உளர். அவர்தம் அச்சத்தை நாம் இகழவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, உறவுகள் நகரங்களுக்குச் சிதறி, மொழியும் கோயிலும் மட்டுமே எஞ்சிய சிறுபான்மைச் சமூகம், எஞ்சியதை இறுகப் பற்றுவது இயல்பே. ஆனால் தன்பாலீர்ப்பு கற்றுத்தருவதால் வருவதும் அன்று, அடித்தால் போவதும் அன்று. இறுகப் பற்றும் கைகளுக்குள் நம் பிள்ளைகளே நெரிபடுவார்களானால், நாம் காத்தது எது? ஆலயத்துக்கு இளைஞர் வருவதில்லை என்று ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் வருந்துகிறோம். தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் பால்குடம் ஏந்தி வருவோருள் எத்தனை பேர் நம் நாவுக்கு அஞ்சி எஞ்சிய நாளெல்லாம் விலகி நிற்கின்றனர் என்று எந்த நிர்வாகமும் எண்ணிப்பார்த்ததில்லை.

எனவே ஜொகூர் ஆலய நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கொடி ஏற்றவும் தீர்மானம் நிறைவேற்றவும் கேட்கவில்லை. ஆலய வளாகத்துள் எவரையும் ‘மாற்றுவதற்காக’ மந்திரிப்பதும் அடிப்பதும் நடவாது எனக் கட்டளையிடுங்கள். தேவார வகுப்பு நடத்தும் ஆசிரியர்க்கு, ஒரு மாணவன் நடுங்கிக்கொண்டே இப்படியொன்றைச் சொன்னால் பழிக்காமல் கேட்பதற்கும், பிறரிடம் பரப்பாமல் காப்பதற்கும் பயிற்சி கொடுங்கள். மாசாயிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும், சாதகக் கட்டோடு கலங்கி வரும் தாய் தந்தையரை அமரவைத்து, இது தோஷமன்று, இதற்குப் பரிகாரமும் இல்லை, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடுங்கள் என்று சொல்லி, அப்பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஓர் அருச்சனை செய்து பிரசாதத்தை அவர்கள் கையில் கொடுக்கும் குருக்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.